வந்தவர்கள் ஏன் மேலே ஏறுவதில்லை: பொறியியல், கணினித் துறைகளில் ஆசிரியர் பன்மை

கேள்வி சுருக்கமாக: தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே உள்ள ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் தரக் கண்காணிப்புப் பொறுப்பில் இருப்பவர் கேட்கிறார். சிஎஸ்இ-யில் (கணினி அறிவியல்) பெண் ஆசிரியர்கள் நிறைய இருக்கிறார்கள், மெக்கானிக்கலில் ஒருவரும் இல்லை. எஸ்சி, எஸ்டி பிரிவினர் விண்ணப்பிப்பதே குறைவு, சேர்ந்தாலும் இரண்டு வருடத்தில் போய்விடுகிறார்கள். தர அங்கீகாரம் தரும் நாக், என்பிஏ அமைப்புகள் இரண்டுக்கும் இதைப் பற்றி எழுதியாக வேண்டும். அறிக்கைக்காக இல்லாமல் நிஜமாகவே என்ன செய்யலாம்?

இதில் இரண்டு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. ஆள் வராதது ஒன்று, வந்த ஆள் நிற்காதது இன்னொன்று. பெரும்பாலான கல்லூரிகள் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, விளம்பரத்தின் அடியில் ‘பெண்கள் விண்ணப்பிக்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டு ஓய்ந்துவிடுகின்றன. இந்த வட்டாரத்தில் பெரிய ஓட்டை உதவிப் பேராசிரியருக்கும் இணைப் பேராசிரியருக்கும் நடுவில் இருக்கிறது. அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது பிஎச்டி. அதை முடிக்க நேரமும் பணமும் ஆய்வு நெறியாளரும் யாருக்குக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பத்து வருடம் கழித்து துறைத்தலைவர் நாற்காலியில் யார் உட்காருவார் என்பது முடிவாகிறது. மற்ற வேலைகள் எல்லாம் இதற்குத் துணை.

யார் கையில் எது இருக்கிறது

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி 1994-இல் வந்தது, செட்டிக்கரையில் உள்ள தருமபுரி அரசு பொறியியல் கல்லூரி 2013-இல் வந்தது. இவற்றுக்கு நிரந்தர உதவிப் பேராசிரியர்களை எடுப்பது ஆசிரியர் தேர்வு வாரியம். அங்கே 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் (எம்பிசி) மற்றும் சீர்மரபினர் 20, எஸ்சி 15, அதற்கு மேல் அருந்ததியர் 3, எஸ்டி 1. இருநூறு நியமனங்களை வரிசை எண்படி பிரிவுகளுக்கு ஒதுக்கும் இருநூறு புள்ளிச் சுழற்சியில் (ரோஸ்டர்) எஸ்டிக்கு வருவது இரண்டே முறை. அந்தக் கல்லூரிகளின் முதல்வர்கள் நிரந்தர ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அவர்கள் கையில் இருப்பது கௌரவ விரிவுரையாளர், பாடப் பங்கீடு, ஆய்வக இடம், பிஎச்டிக்கு அனுமதி.

உங்களைப் போன்ற சுயநிதிக் கல்லூரிக்கு ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீடு சட்டப்படி கட்டாயமில்லை. ‘எங்களுக்கு ரோஸ்டர் கிடையாதே’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதும் எளிது, உள்ளளவில் ஒரு இலக்கு வைத்துக்கொள்வதும் எளிது. இலக்கு வைப்பதாக இருந்தால் கல்லூரி முழுவதையும் ஒரு அலகாக எடுங்கள். மத்திய பல்கலைக்கழகங்களில் துறையை அலகாக வைத்தபோது என்ன ஆனது என்பதைப் பாருங்கள். 13 புள்ளிக் கணக்கில் 4-வது இடம் ஓபிசிக்கு, 7-வது எஸ்சிக்கு, எஸ்டி வருவதற்கு 14-வது இடம் வரை காத்திருக்க வேண்டும். பத்துப் பேர் உள்ள துறையில் எஸ்டி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. 2019-இல் தனிச் சட்டம் போட்டு நிறுவனத்தையே அலகாக மாற்ற வேண்டி வந்தது. இலக்கு கல்லூரி அளவில் இருக்கட்டும். நோய் எங்கே என்று தேடும்போது மட்டும் துறை துறையாகப் பாருங்கள்.

எண்ணும்போது சராசரியை நம்பாதீர்கள்

புதிதாக சர்வே எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு வருடமும் ஏஐஎஸ்ஹெச்இ என்ற மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர் வாரியாக நீங்கள் ஏற்றும் தகவலில் பாலினம், சமூகப் பிரிவு, பதவி எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கல்லூரியைச் சோதிக்க வரும் குழுவுக்குக் காட்டும் பட்டியலோடு அல்ல. ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது 2024-இல் தமிழ்நாட்டில் பெரிய செய்தியானது. காகிதத்தில் மட்டும் இருக்கும் பேராசிரியரை வைத்துப் பன்மைக் கணக்குப் போட்டால் விடை எப்போதும் அழகாகத்தான் வரும். மாதாமாதம் வங்கியில் சம்பளம் ஏறும் பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வருடத்துக்கு 180 பேர் சேரும் ஒரு சிஎஸ்இ துறையை எடுத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 720 மாணவர்கள். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ-யின் கணக்கு 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பதால் 36 பேர் வேண்டும். பதவி விகிதம் 1:2:6 என்பதால் 4 பேராசிரியர், 8 இணைப் பேராசிரியர், 24 உதவிப் பேராசிரியர். இந்த 24-இல் 20 பேர் பெண்கள், மேலே உள்ள 12-இல் ஒருவர்தான் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கணக்கில் 36-க்கு 21, அதாவது 58 சதவீதம் பெண்கள். அறிக்கையில் ‘பெண்கள் பெரும்பான்மை’ என்று எழுதலாம். ஆனால் பாடம் யாருக்கு, லேப் யாருக்கு, பதவி உயர்வு யாருக்கு என்று முடிவு செய்யும் வரிசையில் பன்னிரண்டில் ஒருவர். அதனால் ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாக எண்ண வேண்டும். கூடவே சேர்ந்த வருடம், பிஎச்டி நிலை, சம்பளம், வார வகுப்பு நேரம், கூடுதல் பொறுப்பு, விலகிய தேதி ஆகியவற்றையும் பக்கத்தில் போடுங்கள். ஐந்து வருடக் கணக்கு ஒரே தாளில் வந்ததும் எந்தப் படியில் யார் நின்றுவிடுகிறார்கள் என்பது தானே தெரியும்.

சாதி விவரத்தைக் கையாள்வதில் கவனம் தேவை. இந்தத் தாளை ஒருவர் மட்டும் வைத்திருக்க வேண்டும். அட்டவணையின் ஏதாவது ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த எண்ணை வெளியே காட்டக் கூடாது. ‘எஸ்டி – 1’ என்று கூட்டத்தில் திரையில் போட்டால் அந்த ஒருவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நன்மை செய்யப் போய் ஆளைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும்.

விளம்பரமும் நேர்காணலும்

இங்கே காலியிடம் நிரம்புவது பெரும்பாலும் வாய்மொழியாக. துறைத்தலைவர் தன் பழைய மாணவருக்கு போன் போடுவார், வாட்ஸாப் குழுவில் ஒரு வரி போடுவார், மூன்று நாளில் ஆள் வந்துவிடும். அந்தக் குழுவில் இல்லாதவருக்குக் காலியிடம் இருந்ததே தெரியாது. குறைந்தது 21 நாளாவது விளம்பரம் திறந்திருக்கட்டும். அதில் சம்பளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை, வாரம் எத்தனை மணி நேர வகுப்பு, கல்லூரி பஸ் எந்தெந்த ஊர் வழி, குடியிருப்பு உண்டா, பிஎச்டிக்கு என்ன உதவி என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘விதிமுறைப்படி சம்பளம்’ என்ற வரியை யாரும் நம்புவதில்லை. அரசு அளவில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய் என்பது விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் தெரியும். நீங்கள் தருவது அதைவிடக் குறைவு என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பேரம் பேசித் தீர்மானிக்கும் சம்பளத்தில் எப்போதும் தோற்பது பேரம் பேசப் பழகாதவர்கள்: முதல் தலைமுறைப் பட்டதாரிகள், ‘வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே’ என்று கேட்கப்படும் பெண்கள். பதவிக்கும் அனுபவ வருடத்துக்கும் ஏற்ற சம்பளப் படிநிலையை எழுதிச் சுற்றுக்கு விட்டால் இந்த இடைவெளியில் பெரும்பகுதி அன்றே மூடிவிடும்.

அடுத்து தகுதி. உதவிப் பேராசிரியருக்கு ஏஐசிடிஇ கேட்பது பி.இ., எம்.இ. இரண்டும், இரண்டில் ஒன்றில் முதல் வகுப்பும். விளம்பரத்தில் பிஎச்டி கட்டாயம், ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் ஐந்து கட்டுரை கட்டாயம் என்று ஏற்றிக்கொண்டே போனால் வடிகட்டப்படுவது யார் என்று யோசியுங்கள். கட்டாயத் தகுதி ஒரு பட்டியல், இருந்தால் நல்லது என்பது இன்னொரு பட்டியல்.

வெளிநாட்டில் பெயரை மறைத்துப் பயோடேட்டா பார்ப்பார்கள். அமெரிக்காவில் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஒரே பயோடேட்டாவை ஆண் பெயரிலும் பெண் பெயரிலும் கொடுத்துப் பார்த்த 2012 ஆய்வில் ஆண் பெயருக்குக் கூடுதல் தகுதியும் கூடுதல் சம்பளமும் கிடைத்தது. இந்தியாவில் தனியார் வேலை விளம்பரங்களுக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்த்த 2007 ஆய்வில், உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவும் முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் சரிந்தது. ஆனால் தமிழ்நாட்டில் பெயரை மட்டும் மறைத்தால் போதாது. நமக்கு சாதிப் பெயர் பின்னால் கிடையாது, இன்ஷியல்தான். சாதி கசிவது வேறு வழிகளில்: அப்பா பெயர், அப்பா தொழில், பள்ளி, ஊர். ‘சொந்த ஊர் அரூரா? அரூரில் எந்தப் பக்கம்? தெரு எது?’ என்று மூன்று கேள்வி கேட்டால் போதும், குழுவில் உள்ள எல்லோருக்கும் விடை கிடைத்துவிடும். ஆகவே குழுவுக்குப் போகும் பிரதியில் ஊர், பெற்றோர் விவரம், மதம், திருமண நிலை எதுவும் இருக்கக் கூடாது. சமூகப் பிரிவு விவரம் தனித் தாளில் அலுவலகத்திலேயே இருக்கட்டும். ‘கல்யாணம் ஆகிவிட்டதா, கணவர் எங்கே வேலை, குழந்தை உண்டா’ என்ற கேள்விகளும் அப்படித்தான். ஓர் ஆணிடம் கேட்காத கேள்வியைப் பெண்ணிடம் கேட்கக் கூடாது என்று குழுவுக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

நேர்காணலுக்கு மதிப்பெண் தாள் வேண்டும். பாட அறிவு 30, மாதிரி வகுப்பு 30, லேப் திறன் 20, ஆய்வுத் திட்டம் 20 என்று வைக்கலாம். எண்ணை உங்கள் தேவைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் ஆளைப் பார்த்த பிறகு மாற்றாதீர்கள். மாதிரி வகுப்புக்கான தலைப்பை இரண்டு நாள் முன்பே கொடுங்கள், 20 நிமிடம் போதும். ஒவ்வொருவரும் தனியாக மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்ட பிறகுதான் கலந்து பேச வேண்டும். இல்லையென்றால் முதலில் வாய் திறக்கும் மூத்தவரின் கருத்தே எல்லோர் தாளிலும் ஏறும். குழுவில் இரண்டு பெண்களாவது, எஸ்சி அல்லது எஸ்டி பிரிவைச் சேர்ந்த ஒரு மூத்த ஆசிரியராவது இருக்க வேண்டும். உங்களிடம் இல்லையென்றால் அருகிலுள்ள அரசு கல்லூரியிலிருந்து அழைக்கலாம். வந்தவருக்கும் மதிப்பெண் போடும் உரிமை இருக்க வேண்டும். சும்மா உட்கார வைத்து டீ கொடுத்து அனுப்புவதற்கு அழைக்காமலேயே இருக்கலாம்.

‘கம்யூனிகேஷன் சரியில்லை’ என்ற வரி வரும்போது நிறுத்திக் கேளுங்கள்: பாடம் புரியவில்லையா, ஆங்கில உச்சரிப்பு பிடிக்கவில்லையா? தமிழ் வழியில் பன்னிரண்டாவது வரை படித்தவர் பாயின்டர், லிங்க்டு லிஸ்ட் போன்ற நிரலாக்கப் பாடங்களையும் கரும்பலகையில் கச்சிதமாக விளக்குவார், ஆனால் வாக்கியம் தடுக்கும். உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் அதே வழியில் வந்தவர்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கப் பிள்ளைகளில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசுபவர்கள் உண்டு. அந்த மொழி தெரிந்த ஆசிரியர் முதலாண்டு வகுப்புக்குப் பெரிய பலம். அதற்கு மதிப்பெண் தாளில் ஒரு இடம் கொடுக்கலாம்.

மெக்கானிக்கல், சிவில் துறைகளுக்கு ஒரே ஒரு பெண்ணை எடுத்துவிட்டு ‘பார்த்தீர்களா, எடுத்துவிட்டோம்’ என்று நிறுத்தாதீர்கள். ஒரே சமயத்தில் இரண்டு பேரையாவது எடுங்கள். தனியாக இருப்பவர் எல்லாக் குழுவிலும் பெண் பிரதிநிதியாகி, எல்லா மாணவிகளுக்கும் ஆலோசகராகி, களைத்து வேறு இடம் தேடுவார். இன்னொன்று, பலருக்குச் சொல்லக் கூச்சமாக இருப்பது: ஒர்க்‌ஷாப் கட்டடத்தில் பெண்கள் கழிப்பறை இருக்கிறதா? இல்லையென்றால் நியமனத்துக்கு முன்னால் அதைக் கட்டுங்கள்.

எஸ்டி ஆசிரியர் கிடைப்பதில்லை என்பது பாதி உண்மை. சித்தேரி மலையின் மலையாளி பழங்குடியினர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து இருளர் குடும்பங்களிலிருந்து எம்.இ. வரை வந்தவர்கள் இன்னும் குறைவுதான். விளம்பரம் போட்டால் வந்துவிட மாட்டார்கள், உங்கள் இளங்கலை வகுப்பிலிருந்தே வளர்க்க வேண்டும். மூன்றாம் ஆண்டிலேயே அடையாளம் கண்டு எம்.இ. சேர்க்கைக்கான கேட் தேர்வுக்குத் தயார் செய்தால், தேர்ச்சி பெற்று எம்.இ. சேருபவருக்கு ஏஐசிடிஇ மாதம் 12,400 ரூபாய் தருகிறது. முழுநேர பிஎச்டிக்கு மத்திய அரசின் தேசிய உதவித்தொகையில் எஸ்சிக்கு ஆண்டுக்கு 2,000 இடமும் எஸ்டிக்கு 750 இடமும் உண்டு. சான்றிதழிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. எஸ்டி சான்றிதழைத் தருவது கோட்டாட்சியர் அளவில், அதன் மெய்த்தன்மையைப் பார்ப்பது மாநில அளவிலான கூர்நோக்குக் குழு. அது முடிய நாளாகும். அது வரும்வரை நியமனத்தையோ பதவி உயர்வையோ நிறுத்தி வைக்கச் சுயநிதிக் கல்லூரிக்கு எந்த அவசியமும் இல்லை.

பிஎச்டி என்ற பாலம்

இணைப் பேராசிரியராக ஏஐசிடிஇ 2019 விதிப்படி பிஎச்டி வேண்டும், எட்டு வருட அனுபவம் வேண்டும், அதில் இரண்டு வருடம் பிஎச்டிக்குப் பிறகு இருக்க வேண்டும், குறைந்தது ஆறு ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும். தருமபுரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக இதை முடிக்க வேண்டும் என்றால் நெறியாளர் சேலத்திலோ கோவையிலோ சென்னையிலோ இருப்பார். மாதம் ஓரிரு சனிக்கிழமை பயணம், பாடத்தேர்வு, பிஎச்டி முன்னேற்றத்தைப் பார்க்கும் ஆய்வுக் குழுக் கூட்டம். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும் பெண்ணால் விடியற்காலை தொப்பூர் கணவாய் தாண்டிப் போய் ராத்திரி திரும்ப முடியுமா என்பதில் எத்தனையோ பிஎச்டி நின்றுபோகிறது. முதல் தலைமுறை ஆசிரியருக்குச் சிக்கல் வேறு: நெறியாளரை அறிமுகப்படுத்த ஆள் இல்லை, கல்விக்கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது, கட்டணத்துக்குக் கையில் காசில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதி ஓரளவு இடம் கொடுக்கிறது. சாதாரணமாக மூன்று முதல் ஆறு வருடம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் இரண்டு வருடம். படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு. பதிவு செய்த பலருக்கே இது தெரியாமல், குழந்தை பிறந்ததும் பதிவை விட்டுவிடுகிறார்கள். உங்கள் ஆசிரியர்களுக்கு இதை எழுத்தில் கொடுங்கள்.

கல்லூரி செய்ய வேண்டியது நான்கு.

முதலாவது, வாரத்தில் ஒரு முழு நாளை ஆராய்ச்சி நாளாக ஒதுக்குவது. வாய்மொழியாக ஒதுக்கினால் இரண்டே வாரத்தில் அது மாற்று வகுப்புக்கும் நாக் கோப்புக்கும் போய்விடும். கால அட்டவணையில் ஒரு பாடக் குறியீடு போட்டு வகுப்பு மாதிரியே அச்சிட வேண்டும். யார் அதை எடுத்துக்கொண்டாலும் பதிவேட்டில் துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும். மாதக் கடைசியில் முதல்வர் மேசைக்கு எண் வர வேண்டும்: நான்கு நாளில் எத்தனை நாள் கிடைத்தது? இது ஒன்றைச் செய்தாலே பாதி மாற்றம் வந்துவிடும்.

இரண்டாவது, வகுப்பு நேரத்தைக் குறைப்பது. உதவிப் பேராசிரியருக்கு விதிப்படி வாரம் 16 மணி நேரம். நடைமுறையில் சுயநிதிக் கல்லூரிகளில் இருபதைத் தாண்டுகிறது. பிஎச்டி பதிவு செய்தவருக்கு நான்கு மணி நேரம் குறையுங்கள். அதை எப்படிச் சமாளிப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாவது, நெறியாளரைத் தேடும் வேலையைக் கல்லூரியே ஏற்பது. ஒரு பேராசிரியர் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும்தான் வழிநடத்தலாம் என்பதால் நல்ல நெறியாளரிடம் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். அந்த இடம் காலியாகும் செய்தி போவது டீக்கடைப் பழக்கம் உள்ளவர்களுக்கு. மாலை ஆறு மணிக்குமேல் நின்று பேச முடியாதவர்களுக்குப் போகாது. வருடத்துக்கு இரண்டு முறை, பிஎச்டி சேர்க்கை தொடங்குவதற்கு முன், நான்கைந்து நெறியாளர்களைக் கல்லூரிக்கு அழைத்து, பதிவு செய்யாத எல்லா ஆசிரியர்களையும் பத்துப் பத்து நிமிடம் தனியாகப் பேச வையுங்கள். போக்குவரத்துச் செலவும் ஒரு சாப்பாடும்தான் உங்களுக்கு ஆகும்.

நான்காவது, கட்டணத்தைக் கடனாக இல்லாமல் உதவியாகத் தருவது, ஆய்வுக் குழுக் கூட்டத்துக்குப் போகும் நாளைப் பணி நாளாகவே கணக்கிடுவது. கட்டணம் தந்துவிட்டு அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது. அப்படிச் செய்யும் கல்லூரி என்ற பெயர் வந்துவிட்டால் எந்த விளம்பரமும் வேலை செய்யாது.

இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. கட்டுரை எண்ணிக்கைக்கு நெருக்கடி கொடுத்து உதவியைக் கொடுக்காமல் விட்டால், ஆசிரியர்கள் காசு கட்டிப் போடும் போலி இதழ்களிடம் போவார்கள். அதிகம் ஏமாறுவது வழிகாட்ட ஆள் இல்லாதவர்கள்தான். கட்டுரை அனுப்பும் முன் இதழைச் சரிபார்க்க ஒரு மூத்தவரை நியமியுங்கள். ஐந்து நிமிட வேலை.

வீடு, பஸ், கோலம்

இரண்டு வருடத்தில் ஏன் போகிறார்கள் என்று கேட்டீர்கள். சம்பளம் ஒரு காரணம்தான். ஓசூர் தாண்டினால் பெங்களூரின் எலக்ட்ரானிக் சிட்டி, கணினி தெரிந்தவருக்கு அங்கே இரண்டு மடங்கு கிடைக்கும். அதோடு போட்டி போட உங்களால் முடியாது. ஆனால் சொல்லப்படாத காரணங்கள் சில இருக்கின்றன.

வீடு முதல் காரணம். சின்ன ஊர்களில் எஸ்சி ஆசிரியருக்கும் முஸ்லிம் ஆசிரியருக்கும் வாடகை வீடு கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது இந்த மாவட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்ததே. 2012-இல் தருமபுரி அருகே நத்தம் காலனியில் தலித் வீடுகள் எரிக்கப்பட்டதை மறந்தவர்கள் இங்கே யாரும் இல்லை. ‘சாதியெல்லாம் எங்கள் ஸ்டாஃப் ரூமில் கிடையாது’ என்பவர்கூட வீடு தேடும்போது கூட வர மாட்டார். கல்லூரிக் குடியிருப்பு இருந்தால் ஒதுக்கீட்டு வரிசையைச் சேர்ந்த தேதிப்படி பலகையில் போடுங்கள். இல்லையென்றால் நான்கைந்து வீடுகளைக் கல்லூரியின் பெயரிலேயே வாடகைக்கு எடுத்து ஆசிரியர்களுக்குக் கொடுங்கள். ஒப்பந்தம் நிறுவனத்தோடு இருந்தால் வீட்டுக்காரர் யாரையும் விசாரிக்க மாட்டார்.

பஸ் இரண்டாவது. காலை ஏழு மணிக்குக் கல்லூரி பஸ், மாலை பிளேஸ்மென்ட் பயிற்சி முடிய ஆறு மணி. நான்குவழிச் சாலையில் லாரி கவிழ்ந்து நின்றால் பஸ் தாமதம். பயோமெட்ரிக்கில் மூன்று தாமதத்துக்கு அரைநாள் விடுப்பு பிடிப்பது. கல்லூரி பஸ்ஸே தாமதமாக வந்தால் அந்தக் கணக்கு ஆசிரியர் தலையில் விழக் கூடாது. துறைக் கூட்டம் மூன்றரைக்கு மேல் கூடாது. மாலைப் பயிற்சி வகுப்பு சுழற்சியில் வர வேண்டும், அதற்கு ஈடாக மறுநாள் முதல் பீரியட் விடுபட வேண்டும்.

மூன்றாவது கூடுதல் வேலை. பொங்கல் விழாவுக்குக் கோலம், விருந்தினருக்கு ஆரத்தி, வரவேற்புரை, சிற்றுண்டி ஏற்பாடு பெண்களுக்கு. தேர்வுப் பிரிவு, பிளேஸ்மென்ட், கொள்முதல் குழு ஆண்களுக்கு. உதவித்தொகைப் படிவங்களும் எஸ்சி, எஸ்டி மாணவர் பிரிவும் எப்போதும் எஸ்சி ஆசிரியருக்கே. கோடையில் அட்மிஷனுக்கு ஊர் ஊராக அனுப்பும்போதும் ‘உங்க பக்கம் நீங்களே போங்க’ என்று காலனிக்கு அவரையே அனுப்புவது. வருட இறுதி மதிப்பீட்டில் மதிப்பெண் வருவது தேர்வுப் பிரிவுக்கும் பிளேஸ்மென்ட்டுக்கும்தான். ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் பொறுப்புகளை ஒரு தாளில் போட்டு, எதற்கு எத்தனை மணி நேரம் என்று எழுதி, சுழற்சி முறையில் மாற்றுங்கள். அமெரிக்காவின் எம்ஐடி 1999-இல் வெளியிட்ட அறிக்கை இப்படித்தான் பிறந்தது. நான்சி ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியை ஆய்வக இடத்தை அளவு நாடா வைத்து அளந்தார், மற்றப் பெண் பேராசிரியர்களும் சேர்ந்து தரவைக் காட்டிய பிறகுதான் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. குறையாகச் சொன்னால் புலம்பல் என்பார்கள். அளந்து காட்டினால் மறுக்க முடியாது.

மகப்பேறு விஷயத்தில் தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் ஒரு வருட விடுப்பு. மத்தியச் சட்டத்தின் அளவு 26 வாரம். உங்கள் கல்லூரியில் சம்பளமில்லாத மூன்று மாதம் என்றால், ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிப்பு வந்த அன்றே உங்கள் நல்ல ஆசிரியர்கள் விண்ணப்பம் போடுவார்கள். விடுப்பின் நீளத்தைவிடத் திரும்பி வரும் செமஸ்டர் முக்கியம். ஏற்கெனவே எடுத்த பாடத்தையே கொடுங்கள், புதுப் பாடம் வேண்டாம். விடுப்புக் காலத்தைப் பணி மூப்பிலிருந்து கழிக்காதீர்கள். அந்த வருட மதிப்பீட்டில் அந்த மாதங்களைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுங்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் என்பதும் சட்டத்தின் அளவுகோல்தான்.

மாற்றுத்திறனாளி ஆசிரியருக்கு ஆக வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற சரிவில் இருக்கட்டும். லிஃப்ட் இல்லாத கட்டடமானால் அவருடைய வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள், அவரை மாற்றாதீர்கள். பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். ஆனால் நீங்கள் அனுப்பும் சர்குலர் ஸ்கேன் செய்த படமாக இருந்தால் அதனால் படிக்க முடியாது.

புகார் சொல்ல ஒரு கதவு

பாலியல் தொல்லைக்கு 2013 சட்டப்படி உள்ளகக் குழு இருக்கிறது: தலைவர் மூத்த பெண், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளி ஆள் ஒருவர், புகாருக்கு மூன்று மாதம், விசாரணைக்கு 90 நாள். பெயர்ப் பலகை மாட்டியிருப்பீர்கள். அதில் உள்ள வெளி உறுப்பினர் நிர்வாகத்தின் உறவினரா என்று பாருங்கள். சாதிப் பாகுபாட்டுக்கு ஆசிரியர்கள் தட்டக்கூடிய கதவு பெரும்பாலான கல்லூரிகளில் இல்லை. துறைத்தலைவரைப் பற்றிய புகாரைத் துறைத்தலைவர் வழியாகத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியரையோ வழக்கறிஞரையோ நியமித்து, அவருடைய எண்ணை நேரடியாக எல்லோருக்கும் கொடுங்கள். விலகிப் போகிறவரிடம் காரணம் கேட்கும் வேலையையும் அவரிடமே விடலாம். கடைசிச் சம்பளமும் அனுபவச் சான்றிதழும் கைக்கு வந்த பிறகு கேட்க வேண்டும். அதற்கு முன் கேட்டால் எல்லோரும் ‘சொந்தக் காரணம்’ என்றே எழுதுவார்கள்.

மேனேஜ்மென்ட்டிடம் என்ன சொல்வது

ஆராய்ச்சி நாளுக்கும் வகுப்புக் குறைப்புக்கும் ஆகும் செலவைத்தான் முதலில் கேட்பார்கள். நான்கு ஆசிரியருக்கு வாரம் நான்கு மணி நேரம் குறைத்தால் 16 மணி நேரம். அது சரியாக ஓர் உதவிப் பேராசிரியரின் வார வேலை. ஆகவே நான்கு பேருக்கு ஒரு கூடுதல் நியமனம், அவ்வளவே. 36 பேர் உள்ள துறையில் எட்டுப் பேரை இப்படிப் பதிவு செய்ய வைத்தால் இரண்டு நியமனம். அந்த எட்டில் யார் யார் என்பதை மூப்பும் ஆய்வுத் திட்டமும் வைத்து எழுத்தில் தீர்மானியுங்கள். விண்ணப்பிக்காத பெண்களையும் முதல் தலைமுறை ஆசிரியர்களையும் முதல்வரே கூப்பிட்டு ‘ஏன் போடவில்லை’ என்று கேட்கட்டும்.

எதிர்ப்பக்கம் வரவு: என்பிஏ மதிப்பீட்டில் ஆசிரியர் பதவி விகிதத்துக்கும், பிஎச்டி எண்ணிக்கைக்கும், ஆசிரியர் நிலைத்திருப்பதற்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் எல்லோரையும் உள்ளடக்குவதற்கு 10 சதவீத எடை. வெளியிலிருந்து பிஎச்டி முடித்த இணைப் பேராசிரியர்களை வாங்கி வந்து இந்த மதிப்பெண்ணை எடுக்க ஆகும் சம்பளத்தை ஒரு தாளில் போடுங்கள், அவர்கள் அடுத்த கல்லூரி கூடுதலாகக் கொடுத்தால் போய்விடுவார்கள் என்பதையும் சேர்த்து. பக்கத்தில் இரண்டு உதவிப் பேராசிரியர் சம்பளத்தைப் போடுங்கள். பலன் தெரிய நான்கு ஐந்து வருடம் ஆகும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். முதல் வருட அறிக்கையில் காட்டுவதற்கு உங்களிடம் இருக்கும் எண் ஒன்றுதான்: ஒதுக்கிய ஆராய்ச்சி நாள்களில் எத்தனை நாள் ஆசிரியர்களுக்கு உண்மையில் கிடைத்தது.